"நான் போதும்" என்று போன் சொன்னால்: அஃபர்மேஷன் செயலிக்கு ஓர் எளிய அறிமுகம்

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்லிவிட முடியாது. "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சாமி விளக்கை அணைக்கிற வழக்கமும் கிடையாது, மலையேற்றுவதுதான். பாபநாசத்தில் மட்டும் இல்லை, காவிரித் தண்ணீர் பாயும் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். வாயிலிருந்து விழும் சொல்லுக்கு ஏதோ ஒரு பலன் உண்டு, எதற்கும் நல்லதாகவே சொல்லிவைப்போம் என்கிற நினைப்பு.

போனில் அஃபர்மேஷன் செயலி என்று ஒன்று இருக்கிறது. தினமும் சொன்ன நேரத்துக்கு ஒரு நல்ல வாக்கியத்தை உங்கள் முன்னால் நீட்டும். அடுப்படிக் குரல் செய்த வேலைதான், இப்போது சந்தாவுக்குக் கிடைக்கிறது.

போன ஆடிப்பெருக்குக்கு மன்னார்குடியிலிருந்து அக்காவும் அவள் மகளும் வந்திருந்தார்கள். குடமுருட்டிக் கரையில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று டப்பாக்களைத் திறந்து வைத்து முதல் வாய் எடுக்கப் போகும்போது அக்கா மகளின் போன் டிங் என்றது. திரையில் பூப் படம், அதன் நடுவில் "நான் போதும்". அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, இப்பதானே டப்பாவத் திறந்தோம், அதுக்குள்ள போதுமா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஆங்கிலத்தில் 'இருக்கிறபடியே நான் குறையில்லாதவள்' என்ற பொருளில் சொல்லும் ஒரு சின்ன வாக்கியம் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியதில் பந்தியில் இலையை மடக்குகிற பேச்சாகிவிட்டது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன தடவை கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனது. மூன்று மாதமாக அந்தச் செயலியை விடாமல் பார்த்து வருகிறாள். "இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா மாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆற்றங்கரையில் அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அஃபர்மேஷன் என்றால் என்ன?

தமிழில் நேர்மறை உறுதிமொழி என்று எழுதுகிறார்கள். உறுதிமொழி என்றதும் நமக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கை நீட்டி நின்ற காட்சிதான் வரும், அதனால் அஃபர்மேஷன் என்றே வைத்துக்கொள்வோம். தன்னைப் பற்றி, தான் செய்யப்போவதைப் பற்றி, தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் சின்ன வாக்கியம். அவ்வளவுதான்.

இதை ஒரு முறையாக்கிப் பரப்பியவர்களில் பெயர் பெற்றவர் எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர். 1857இல் பிறந்து 1926இல் இறந்தவர். மருந்தைக் கொடுக்கும்போது கூடவே நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் ஆட்கள் சீக்கிரம் தேறுவதுபோல் அவருக்குத் தோன்றியது. "நாளுக்கு நாள் எல்லா வகையிலும் நான் தேறி வருகிறேன்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைக் காலையும் இரவும் 20 தடவை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று. வேளாங்கண்ணிக் கடைகளில் தொங்கும் ஜெபமாலை நமக்குத் தெரியும், ருத்திராட்சத்தை உருட்டுகிறவர்களையும் தெரியும், ஆகவே கயிறு நமக்குப் புதிதில்லை. இன்றைய செயலி அந்த முடிச்சுக் கயிற்றின் பேரப்பிள்ளை.

வேலை செய்யுமா?

சிலருக்குச் செய்யும், சிலருக்கு எதிராகப் போகும். இதைச் செயலியின் விளம்பரம் சொல்லாது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து மனதில் வருவதை எழுதச் சொன்னார்கள். மணியடிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவர்" என்ற பொருளுள்ள வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு மனநிலை கொஞ்சம் தெளிந்தது. தன்னைத் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கோ, வாக்கியத்தைச் சொல்லாதவர்களைவிட மோசமாகப் போனது. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு ஆராய்ச்சிக் கூடம்கூடத் தேவையில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது "நான் செல்வந்தன்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளேயிருந்து உடனே ஒரு குரல் "யாரு, நீயா?" என்று கேட்கும். அப்புறம் அந்தக் குரல் விடாது, நீங்கள் செல்வந்தன் இல்லை என்பதற்கான சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். நம்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லுவது, தூங்கிக்கொண்டிருந்த எதிர்க்கட்சி வக்கீலைத் தட்டி எழுப்புவது மாதிரி.

ஆராய்ச்சியாளர்கள் 'தன்னை உறுதிசெய்துகொள்ளுதல்' என்று பேசுவது வேறொரு சங்கதி. 1988இல் கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த கருத்து அது. அதில் "நான் பெரிய ஆள்" என்று ஜபிக்கும் வேலையே இல்லை. தனக்கு எது முக்கியம், ஏன் முக்கியம் என்று சில நிமிடம் உட்கார்ந்து எழுத வேண்டும். குடும்பமாக இருக்கலாம், நேர்மையாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம். 2006இல் வெளியான ஓர் அமெரிக்கப் பள்ளி ஆய்வில், இப்படிக் கால் மணி நேரம் எழுதிய கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளைப் பிள்ளைகளோடு இருந்த இடைவெளி குறைந்தது. பின்னால் பெரிய அளவில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே பலன் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். "அஃபர்மேஷன் அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று கடையில் எழுதியிருந்தால், அவர்கள் காட்டுவது பெரும்பாலும் இந்த எழுத்துப் பயிற்சியின் ஆய்வுகளை, விற்பதோ முதலில் சொன்ன ஜப வாக்கியங்களை. பொன்னி அரிசியின் சீட்டை ஒட்டி இட்லி அரிசி விற்கிற கதை.

சரி, அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை. வாக்கியத்தை நீங்கள் பாதியாவது நம்ப வேண்டும், அது இன்றைக்குச் செய்யக்கூடிய ஏதோ ஒரு வேலையைச் சுட்ட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அலாரம் வைத்துக்கொள்வது போல இதுவும் பயனுள்ள பழக்கம்தான். இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு அழகான செயலியும் பூப் படம்தான் காட்டும்.

தமிழில் சொல்லும்போது

செயலிகளில் தமிழ் வாக்கியங்கள் கொடுப்பவை உண்டு. நிறைய இடங்களில் இயந்திரம் பெயர்த்தது பளிச்சென்று தெரியும். "நான் மிகுதியை ஈர்க்கிறேன்." காந்தமா நாம்? "பிரபஞ்சம் எனக்காகச் சதி செய்கிறது" என்று ஒன்று பார்த்தேன். நல்லதுக்குத்தான் சொன்னார்களாம், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இதில் இலக்கணமும் கொஞ்சம் விளையாடுகிறது. "நான் தைரியமானவன்" என்று எழுதினால் அது என் அக்கா மகளுக்கு ஆகாது, "தைரியமானவள்" எனக்கு ஆகாது. இருவருக்கும் பொதுவாக "தைரியமானவர்" என்று போட்டால், தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்கிற மேடைப் பேச்சாகிவிடும். ஆனால் "இன்னைக்கு ரெண்டு கணக்குப் போடுறேன்" என்றால் ஆண், பெண் என்ற பேச்சே எழாது. தன்மையில் வரும் வினைச்சொல்லுக்குத் தமிழில் பால் வேறுபாடு இல்லை. நான் இப்படிப்பட்டவன் என்று பட்டம் சூட்டும் வாக்கியத்தைவிட, இதைச் செய்கிறேன் என்று வினையில் முடியும் வாக்கியம் தமிழில் இயல்பாக உட்காருகிறது. நம்புவதற்கும் அதுதான் சுலபம். பட்டத்தை மனசு மறுக்கும், ரெண்டு கணக்கை மறுக்க அதற்குக் காரணம் கிடைப்பது கஷ்டம்.

பேச்சுத் தமிழில் எழுதுங்கள் என்பேன். "என்னால் இயலும்" என்று மனசுக்குள் யாரும் பேசுவதில்லை. "பாத்துக்கலாம்" என்றுதான் பேசுகிறோம். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர் வாய்மொழியில் எழுதினால்தான் அது வெளியே இருந்து வந்த அறிவிப்பு மாதிரி இல்லாமல் சொந்தக் குரலாகக் கேட்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஈதன் கிராஸ் என்ற மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் 'நான்' என்று நினைக்காமல் தன் பெயரைச் சொல்லி, அடுத்தவரிடம் பேசுவதுபோல் தன்னிடம் பேசியவர்கள் கொஞ்சம் நிதானமாக இருந்தது தெரிந்தது. இது நமக்கு ரொம்ப வசதி. "ஒண்ணும் ஆகாதுடா, ஒண்ணொண்ணாப் பாரு" என்று பாட்டி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். என் போனில் இருக்கும் வாக்கியமும் அந்த வகைதான். பெயரோடு சேர்ந்தது என்பதால் இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சம்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திய கதை

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகளிடம் கேட்டேன்: "காலையில புத்தகத்தைத் திறக்கும்போது மனசுக்குள்ள என்ன ஓடுது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "கணக்கு எனக்கு வராது."

குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100 கேள்வி. மீதி நூறில் 25 திறனறிவும் கணக்கும். அந்த 25தான் அவளுக்கு எமன். செயலியோ காலை ஏழு மணிக்கு "வெற்றி என்னைத் தேடி வருகிறது" என்கிறது. வருகிற வெற்றிக்குத் தனிவட்டி தெரியுமா என்ன?

முதலில் நேர் எதிராக எழுதிப் பார்த்தோம். "கணக்கு எனக்கு நல்லா வரும்." படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. அடுத்து "கணக்கு எனக்கு இன்னும் வரலை" என்றாள். பரவாயில்லை, அந்த 'இன்னும்' ஒரு கதவைத் திறக்கிறது, ஆனால் திறந்து எங்கே போவது? "நேத்து எத்தனை கணக்கு சரியா வந்துச்சு?" என்றேன். நோட்டை எடுத்து வந்து காட்டினாள். தனிவட்டியில் ஐந்து போட்டு மூன்று சரி. அதையே எழுதினோம்: "நேத்து தனிவட்டி மூணு சரியா வந்துச்சு. காபி குடிச்சதும் கூட்டுவட்டி ரெண்டு போடுறேன்."

இந்த வாக்கியத்தில் முதல் பாதி நடந்தது. அதை யாராலும் மறுக்க முடியாது. இரண்டாம் பாதி செய்யப்போவது, அளவு சின்னது, நேரமும் குறித்தாயிற்று. "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடமாக ஆராய்ந்த விஷயம். நம் வீடுகளில் மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அதே சூத்திரம்.

சந்தேகமாக இருக்கிறவர்கள் கேள்வியாகவும் எழுதலாம். "இன்னைக்கு ரெண்டு போட முடியுமா?" தமிழில் ஒரு 'ஆ' சேர்த்தால் போதும். கேள்வி கேட்டால் மனசு பதில் தேடப் போகும், கட்டளை போட்டால் முறுக்கிக்கொள்ளும். என் அனுபவத்தில் காலையில் கேள்வி நன்றாக வேலை செய்கிறது, ராத்திரியில் அதே கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது.

செயலியைப் பார்க்கும்போது என்ன பார்ப்பது?

முதல் கேள்வி ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்புறம்: சொந்த வாக்கியத்தை எழுதிச் சேர்க்க முடியுமா, அதுவும் இலவசமாக? முடியாது என்றால் அந்தச் செயலி எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் இறக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வாக்கியம் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வார்கள். ஆயிரம் நமக்கு எதற்கு? மூன்று போதும்.

பிறகு தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். சில செயலிகளின் அலங்கார எழுத்துருவில் தமிழ் கிடையாது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று உடைந்து நிற்கும், இல்லையென்றால் வெறும் கட்டம்தான் வரும். நீளமான தமிழ்ச் சொல் விட்ஜெட்டில் பாதியில் வெட்டுப்படும். விட்ஜெட் என்பது போனின் முகப்பிலேயே வாக்கியத்தை ஒட்டி வைக்கும் சின்னப் பெட்டி. செயலியைத் திறக்காமலே கண்ணில் படும் என்பதால் எனக்கு நோட்டிபிகேஷனைவிட இதுதான் பிடிக்கிறது.

நோட்டிபிகேஷன் எத்தனை வேண்டும் என்று செயலி கேட்கும். கவனிக்காமல் சரி சரி என்று தட்டிக்கொண்டே போனால் நாளெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் எலுமிச்சை சாதத்துக்கு நடுவில் வந்ததே, அப்படித்தான். இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அதிகமானால் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி காது பழகி, எதுவும் விழாமல் போகும். சொன்ன நேரத்துக்கு வரவே இல்லை என்றால், போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு அந்தச் செயலியைத் தூங்கவைத்திருக்கும், அதில் விலக்குக் கொடுக்க வேண்டும்.

சொந்தக் குரலில் பதிவு செய்து கேட்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. திங்க்அப் என்ற செயலியின் முக்கியமான வேலையே அதுதான். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. ஒரு தாத்தாவோ அம்மாவோ நமக்காகப் பேசி வைத்தால்? அதற்குச் செயலியே வேண்டாம், வாட்ஸ்அப் குரல் செய்தியை நட்சத்திரமிட்டு வைத்தால் முடிந்தது.

அடுத்தது அந்தரங்கம். "கடன் பயம்", "விவாகரத்து", "குடியை விடணும்" என்று நாம் தேர்ந்தெடுக்கும் தலைப்பே நம் மனநிலையைக் காட்டிக்கொடுக்கும். 2023இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம், பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மனநல ஆலோசனை நிறுவனம் பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று வழக்கெடுத்து, 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. அது ஆலோசனை நிறுவனம், நாம் பேசுவது வாக்கியம் காட்டும் சின்னச் செயலி, இருந்தாலும் பாடம் ஒன்றுதான். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் 'தரவுப் பாதுகாப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது, ஒரு தடவை திறந்து பாருங்கள். வாக்கியம் காட்டுவதற்கு உங்கள் தொடர்பு எண்களோ இருப்பிடமோ தேவையில்லை. கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்ததும் ஓட மாட்டேன் என்றால் அதுவும் நல்லதுக்கே, நீக்கிவிடலாம்.

பணத்தைப் பற்றி என் தலையில் விழுந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செயலி "ஏழு நாள் இலவசம்" என்றது. யூபிஐயில் ஒப்புதல் கொடுத்தேன். மூன்றாம் நாளே பிடிக்காமல் போனிலிருந்து நீக்கிவிட்டு, கதை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்துசெய்வது வேறு என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தட்டி, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற இடத்துக்குப் போய் ரத்துசெய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளைத் திறந்து உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாக்கள் இருக்கும். யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியிலும் ஒரு கண் வையுங்கள், நீங்கள் மறந்துபோன ஒப்புதல்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும். இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருந்தது. வட்டிக் கடை, மனை விற்பனை விளம்பரங்களுக்கு நடுவில் படிக்காமல் விட்டது நான்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு "எதுக்கு வம்பு?" என்று தோன்றினால், கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் கடிகாரத்திலேயே அலாரம் வைத்து, அதற்குப் பெயர் என்று கேட்கும் இடத்தில் உங்கள் வாக்கியத்தைத் தமிழில் தட்டிவிடுங்கள். அலாரம் அடிக்கும்போது திரையில் அந்த வாக்கியம் நிற்கும். சந்தா இல்லை, விளம்பரம் இல்லை, பூப் படமும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு மாதம் இதையே செய்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பழக்கமாவது

காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று போதும். நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுவது நல்லது. டிகாஷன் இறங்கும் நேரம், தஞ்சாவூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்த நேரம், கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டும் நேரம். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும் கை மெதுவாகப் போகும், அதனால் பொய் எழுதினால் அங்கேயே உறுத்தும்.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனின் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு பழக்கம் யோசிக்காமல் வரும் நிலைக்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை, 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஆடுதுறை 36 நெல்லே விதைத்து அறுக்க ஏறக்குறைய 110 நாள் எடுத்துக்கொள்கிறது, மனசை 21 நாளில் அறுவடை செய்ய முடியாது. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. செயலிகள் 'தொடர்ச்சியாக இத்தனை நாள்' என்று காட்டும் எண்ணை நான் அணைத்துவிட்டேன். எண் அறுபட்ட அன்றைக்கு ஆளும் சேர்ந்து அறுபட்டுவிடுகிறார்.

வாக்கியம் பழசாகிவிட்டால் மாற்றுங்கள். கண் அதன் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கே வேலைக்காகாது

சித்தப்பாவுக்கு நீடாமங்கலம் பக்கம் நிலம். ஒரு ஐப்பசியில் குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு ஐந்து நாள் காத்திருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழையோ விட்டு விட்டுப் பெய்கிறது. படுதாவுக்கு அடியில் நெல் முளை விடத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பேரன் போட்டுக் கொடுத்திருந்த செயலியில் "எல்லாம் என் நன்மைக்கே நடக்கிறது" என்று வந்தது. போனை என்னிடம் நீட்டி, "தம்பி, இதை நெல்லுகிட்ட சொல்லு" என்றார்.

அவர் கோபம் நியாயமானது. தண்ணீர் வராதது, மழை நிற்காதது, நெல் தேங்கியது இதெல்லாம் நினைப்பினால் வந்த கஷ்டம் இல்லை, நல்ல நினைப்பினால் தீரவும் போவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் "நல்லதையே நினை" என்று சொல்வது, கஷ்டப்படுகிறவன் தலையிலேயே பழியையும் தூக்கி வைப்பது. ராத்திரி அவர் தூங்குவதற்கு ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்றால், அது இப்படி இருந்திருக்கலாம்: "படுதாவை இழுத்துக் கட்டியாச்சு. டோக்கன் கையில இருக்கு. இனி விடியட்டும்." அன்று எனக்கு இது தோன்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் செயலியை மூடி வைத்துவிட்டு ஆளிடம் பேச வேண்டும். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாக்கியத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா மகள் அந்தப் பூப் படச் செயலியை நீக்கிவிட்டாள், சந்தாவை முதலில் ரத்துசெய்துவிட்டுத்தான். இப்போது அலாரத்தில்தான் எழுதுகிறாள். போன வாரம் மன்னார்குடி போயிருந்தபோது காலை ஏழுக்கு அவள் போன் அடித்தது. காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தேன். "கூட்டுவட்டி போதும். இன்னைக்கு ரயில் கணக்கு ஒண்ணு" என்று இருந்தது.

"ஒண்ணுதானா?" என்றேன்.

"ரயில் கணக்கு மாமா" என்றாள், நோட்டைத் திறந்துகொண்டே.